குழந்தைக்கு மணி கட்டலாமா?

திருவிழாக் கூட்டத்தில் குழந்தை தொலைந்துபோன கதை ஒன்றாவது இல்லாத வீடு நம் பக்கத்தில் உண்டா? தேர் வடம் பிடிக்கும் சமயத்தில் கை நழுவியிருக்கும். தாயார் ஒரு பக்கம் அழுதுகொண்டு ஓடுவாள். தகப்பனார் இன்னொரு பக்கம் அவளைத் திட்டிக்கொண்டு ஓடுவார். அதற்குள் கோயில் ஒலிபெருக்கி முழங்கும்: "சிவப்புச் சட்டை, நீல நிஜார், ஐந்து வயசு. தன் பேரும் அப்பா பேரும் சொல்லுகிறான். சம்பந்தப்பட்டவர்கள் உடனே வந்து அழைத்துப் போகவும்." போய்ப் பார்த்தால், பயல் போலீஸ்காரர் வாங்கிக் கொடுத்த பஞ்சுமிட்டாயைச் சுவைத்துக்கொண்டு சௌக்கியமாக உட்கார்ந்திருப்பான். அப்புறம் இருபது வருஷத்துக்கு, அவன் கல்யாணப் பந்தியில்கூட, அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்போம்.

இந்தக் கதை முழுவதும் எந்த ஆணியில் தொங்குகிறது என்று யோசித்தீர்களா? பையன் அழுதான், அதனால் நாலு பேர் கவனித்தார்கள். பெயர் கேட்டதும் சொன்னான். அதனால் வீடு வந்து சேர்ந்தான். அழவும் அழாமல், கேட்டதற்குப் பதிலும் சொல்லாமல், தான் தொலைந்துபோனோம் என்ற நினைவே இல்லாமல் தன் பாட்டுக்கு நடந்து போகிற குழந்தையை யார் நிறுத்துவார்கள்? 'வீட்டுக்குத்தான் போகிறான் போலிருக்கிறது' என்று வழிவிட்டு ஒதுங்கிவிடுவார்கள்.

அப்படி ஒரு குழந்தை எங்கள் வீட்டில் இருக்கிறான். என் பேரன். வயது எட்டு. அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தன்னைப் பற்றி ஊருக்கு என்ன தெரியலாம் என்பதைப் பெரியவனான பிறகு அவனே தீர்மானிக்கட்டும். வீட்டில் 'தம்பி' என்று கூப்பிடுகிறோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

தம்பிக்கு ஆட்டிசம். தமிழில் 'மதியிறுக்கம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. அவன் மதி ஒன்றும் இறுகிப் போகவில்லை. தனக்கென்று ஒரு பாதை போட்டுக்கொண்டு அதில் போகிறது. தெருக்கோடியில் பஸ் திரும்பும்போதே ஓசையைக் கேட்டு, அந்த வண்டியின் நிறமுள்ள வர்ணக் குச்சியை எடுத்து நீட்டுவான். வெளியே போய்ப் பார்த்தால் அதே நிறத்து வண்டிதான் போய்க்கொண்டிருக்கும்! ஆனால், "சாப்பிட்டாயா கண்ணு?" என்று கேட்டால் பதில் வராது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பத்துத் தடவையில் ஒரு தடவை திரும்புவான்.

இது தொற்றுநோயும் அல்ல, யாரும் இட்ட சாபமும் அல்ல. மூளையின் வளர்ச்சியில் சிறு வயதிலேயே தெரியவரும் ஒரு வேறுபாடு. 1943-ம் வருஷம் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் லியோ கானர் என்ற டாக்டர், 11 குழந்தைகளைக் கவனித்து விவரமாக எழுதிய பிறகுதான் உலகம் இதைத் தனியாக அடையாளம் கண்டுகொண்டது. அதற்குப் பின் இருபது வருஷ காலம் மேல்நாட்டு நிபுணர்கள் பலர் என்ன சொன்னார்கள் தெரியுமா? தாயாரிடம் பாசம் போதவில்லை, அதனால்தான் குழந்தை இப்படி ஆயிற்று என்றார்கள்! அந்தத் தாய்மாரைக் குளிர்ப்பெட்டிக்கு ஒப்பிட்டுப் பட்டமும் கட்டினார்கள். 1964-ல் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற மனோதத்துவ நிபுணர் - அவரும் இப்படி ஒரு பையனுக்குத் தகப்பனார் - அது சுத்தப் பிசகு, காரணம் உடம்புக்குள் இருக்கிறது, அம்மாவிடம் இல்லை என்று ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் நம் ஊர்த் திண்ணைகளுக்கு அந்தப் புத்தகம் இன்னும் வந்து சேரவில்லை. "மாசமாக இருந்தபோது என்ன சாப்பிட்டாளோ?" என்றும், "செல்போனைக் கையில் கொடுத்தே கெடுத்துவிட்டாள்" என்றும் என் மருமகள் கேட்காத பேச்சு இல்லை.

அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். "பையனுக்குப் பேச்சு கொஞ்சம் தாமதம்" என்று மட்டும் வெளியில் சொல்வாள். அதற்கு மேல் யாரும் கேட்காதபடி கதவைச் சாத்திக்கொள்வாள். அவளுடைய தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் வேறு. "அந்தக் குடும்பத்தில் இப்படி" என்று ஒரு சொல் கிளம்பினால் சம்பந்தம் தட்டிப் போய்விடுமே என்ற பயம். அந்தப் பயத்தைத் தவறு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நீங்களும் நானும் இருக்கிற உலகம் அப்படி.

இனி, நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் குழந்தைகளில் பலர் திடீரென்று கிளம்பிப் போய்விடுவார்கள். கோபித்துக்கொண்டு அல்ல. பிடித்தமான ஓர் இடம் மனத்தில் தோன்றும், கிளம்பிவிடுவார்கள். அல்லது வீட்டில் மிக்ஸி இரைச்சலோ, விருந்தாளிகளின் சத்தமோ தாங்க முடியாமல் போகும், கிளம்பிவிடுவார்கள். வெறுமனே ஓடுவதில் உள்ள ஆனந்தத்துக்காகவும் போவதுண்டு. 2012-ல் அமெரிக்காவில் இப்படிப்பட்ட 1,218 குழந்தைகளின் பெற்றோர்களைக் கேட்டு ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். நாலு வயதுக்குப் பிறகு ஒரு தடவையாவது இப்படிக் கிளம்பப் பார்த்தவர்கள் நூற்றுக்கு 49 பேர். பெற்றோர் கலங்கிப் போகும் அளவுக்கு நெடுநேரம் காணாமற் போனவர்கள் நூற்றுக்கு 26 பேர். அப்படிக் காணாமற் போனவர்களில் நாலில் ஒருவர் தண்ணீரில் மூழ்கும் அபாயத்தில் இருந்ததாகப் பெற்றோர்களே சொன்னார்கள். தண்ணீரின் மினுமினுப்பும் சலசலப்பும் இந்தக் குழந்தைகளில் அநேகரை அப்படி இழுக்கின்றன.

தண்ணீர் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது; காரணம் எங்கள் ஊர். சேலம் மாவட்டத்தில், ஆத்தூரிலிருந்து தம்மம்பட்டி போகிற சாலையில் இருக்கிறது கெங்கவல்லி. ஒரு பக்கம் கொல்லிமலை, இன்னொரு பக்கம் பச்சைமலை, நடுவே சுவேத நதி. நதி என்று பெயர்தான். பெரும்பாலான நாட்களில் வெறும் மணல். மலையில் மழை பிடித்தால் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் வெள்ளம் வரும். ஆற்றை நம்ப முடியாததால் தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு வெட்டியிருக்கிறார்கள். மரவள்ளியும் மஞ்சளும் பாக்கும் அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் விளைகின்றன. ஐம்பது அறுபது அடி ஆழம். பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. மரவள்ளிச் செடியோ ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும். எட்டு வயதுப் பையன் அதற்குள் நுழைந்தால் பத்து அடி தள்ளி நிற்பவர் கண்ணுக்குக்கூடத் தெரியமாட்டான்.

போன வருஷம் ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், காஸ் சிலிண்டர் வந்தது. உருளையை உள்ளே உருட்டிக்கொண்டு வந்த நேரத்தில், திறந்திருந்த கதவு வழியாகத் தம்பி போய்விட்டான். யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது. கதவு என்று இருந்தால் திறக்கத்தான் வேண்டும். என் வீட்டுக்காரர் ஆற்றுப் பக்கம் ஓடினார். மருமகள் பஸ் நிலையத்துக்கு ஓடினாள். நான் தெருவில் நின்று பெயரைச் சொல்லிக் கத்தினேன். பெயரைச் சொன்னால் திரும்பாத குழந்தையை வேறு எப்படித்தான் கூப்பிடுவது?

முக்கால் மணி நேரம் கழித்துக் கிடைத்தான். பின்பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து தொட்டியில் விழுகிற தண்ணீரைப் பார்த்தபடி, கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு பெண்பிள்ளை களைக்கொத்தோடு நின்றுகொண்டிருந்தாள். வெளியூரிலிருந்து களை வெட்ட வந்தவள். எங்களைக் கண்டதும் அவள் கண்ணில் ஜலம் வந்துவிட்டது.

"பேரு கேட்டேன், ஊரு கேட்டேன், வாயே தொறக்கலீங்கம்மா. ஆள் கூட்டியாரலாம்னா, நான் அந்தாண்ட போனா இவன் கிணத்துல எறங்கிடுவானோன்னு பயமா இருந்துச்சு. அதான் இப்படியே நின்னுட்டேன்."

முக்கால் மணி நேரத்தில் பாதிக்கு மேல் அவள் அப்படியே நின்றிருக்கிறாள். அன்று கூலியில் பிடித்திருந்தால்கூட ஆச்சரியமில்லை.

அந்த வாரக் கடைசியில் சேலத்திலிருந்து வந்த என் மகன், இடங்காட்டும் கருவி ஒன்று வாங்கலாம் என்றான். குழந்தையின் உடம்பில் மாட்டிவிட்டால் அவன் எங்கே இருக்கிறான் என்பது நம் செல்போனில் தெரியுமாம். நான் உடனே சரி என்றேன். மருமகள் மட்டும் பேசவில்லை. ராத்திரி பாத்திரம் துலக்கும்போது மெதுவாகக் கேட்டாள்:

"ஏன் அத்தே, மலையில மேய விடற மாட்டுக்கு மணி கட்டுவாங்களே, அந்த மாதிரியா என் புள்ளைக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. முதலில் அந்த மணி என்னவென்று நன்றாகத் தெரிந்துகொள்வோம், அப்புறம் கட்டலாமா வேண்டாமா என்று பார்ப்போம் என்று சொல்லி வைத்தேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக இருந்தவள் அல்லவா? தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

ஆகாயத்தில் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இரண்டு டஜனுக்கு மேற்பட்ட செயற்கைக் கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இதற்கு ஜி.பி.எஸ். என்று பெயர். அந்தக் கோள்கள் நம் குழந்தையைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைக்காதீர்கள். "நான் இன்ன கோள், இன்ன இடம், மணி இத்தனை" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். கீழே இருக்கும் கருவி குறைந்தது நாலு கோள்களின் குரலைக் கேட்டு, தான் நிற்கிற இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. 2000-ம் வருஷம் மே மாதம் வரையில் பொதுஜனங்களுக்குக் கிடைத்த குரலில் அமெரிக்க அரசாங்கம் வேண்டுமென்றே கொஞ்சம் பிழையைக் கலந்து வைத்திருந்தது. அதை நிறுத்திய பிறகு, திறந்த வெளியில் சில மீட்டர் பிசகுக்குள் இடம் தெரிகிறது. கூரைக்குக் கீழே போனால் குரல் சரியாகக் கேட்காது. அடுத்த வீட்டில் இருப்பதாகக்கூடக் காட்டும்.

இடத்தைத் தானே தெரிந்துகொண்டால் போதுமா? நமக்குச் சொல்ல வேண்டாமா? அதற்காகக் கருவிக்குள் ஒரு சிம் கார்டு. செல்போன் கோபுரம் எட்டும் இடமாக இருந்தால் செய்தி வரும். எட்டாத பள்ளத்தில் வராது. மாதா மாதம் பணம் கட்டாவிட்டாலும் வராது. ராத்திரி சார்ஜ் போட மறந்தால் காலையில் வெறும் டப்பா.

கடையில் இதைவிட மலிவாக, பொத்தான் மாதிரி ஒரு வில்லையும் வைத்திருப்பார்கள். 2021-ல் ஆப்பிள் கம்பெனி ஏர்டேக் என்று ஒன்றை வெளியிட்டது. இப்போது அந்த ஜாதியில் பல வந்துவிட்டன. சாவிக்கொத்து, பெட்டி போன்ற சாமான்களைக் கண்டுபிடிப்பதற்காகச் செய்தவை அவை. அதற்குக் கோளும் தெரியாது, கோபுரமும் தெரியாது. பக்கத்தில் போகிற யாரோ ஒருவருடைய செல்போன் அதன் குரலைக் கேட்டு, அந்தப் போன் வழியாகத்தான் சேதி வரவேண்டும். சென்னை ரங்கநாதன் தெருவில் அது பிரமாதமாக வேலை செய்யலாம். எங்கள் மரவள்ளிக் காட்டில் செல்போனோடு யார் போகிறார்கள்? அதற்குள் இருக்கும் காசு போன்ற பாட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

நாங்கள் சிம் கார்டு உள்ள கருவியைத்தான் வாங்கினோம். கைக்கடிகாரம் மாதிரி இருந்தது. கட்டின ஐந்தாவது நிமிஷத்தில் தம்பி அதைப் பிடுங்கி எறிந்தான். இந்தக் குழந்தைகளுக்குத் தோலில் ஏதாவது உறுத்தினால் நமக்குத் தேள் ஊர்வது போல இருக்குமாம். அப்புறம் பட்டை இல்லாத சிறிய கருவியாக மாற்றினோம். தையல்காரரிடம் சொல்லி ஒவ்வொரு சட்டையிலும் முதுகுப் பக்கம் உள்ளே ஒரு சின்னப் பை வைத்துத் தைத்தோம். கை எட்டாத இடம்; உறுத்தவும் இல்லை.

செல்போன் படத்தில் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போடலாம். வட்டத்தைத் தாண்டினால் போன் கூவும். "அப்பாடா!" என்று பெருமூச்சு விட்டேன். என் வீட்டுக்காரர் அப்போதுதான் ஒரு கணக்குப் போட்டார். பாட்டரி சீக்கிரம் தீரக்கூடாது என்பதற்காகக் கருவி ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் சேதி அனுப்பும்படி வைத்திருந்தது. குழந்தை சாதாரணமாக நடந்தாலே ஐந்து நிமிஷத்தில் முந்நூறு மீட்டர் போவான். ஓடினால் அதைப்போல் இரண்டு பங்கு. எங்கள் கொல்லைக் கதவிலிருந்து கிணறு எவ்வளவு தூரம்? நூற்றிருபது அடி.

புரிகிறதா, சகோதரிகளே? கருவி கூவுவதற்கு முன்னால் கிணறு வந்துவிடும்!

ஐந்து நிமிஷம் என்பதை அரை நிமிஷமாகக் குறைத்து வைக்கவும் வழி இருக்கிறது. பாட்டரி மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். எதைக் கூட்டினால் எது குறைகிறது என்பது சமையலறைக் கணக்கு மாதிரிதான். குழந்தை வெகுதூரம் போன பிறகு, 'எந்தத் திசையில் ஓடுவது?' என்று நாம் தவிக்கும் நேரத்துக்கு இந்தக் கருவி தெய்வம் போல. ஆனால் அந்த முதல் ஐந்து நிமிஷத்துக்கு அது துணை இல்லை. அந்த ஐந்து நிமிஷத்தை நாம்தான் காக்கவேண்டும்.

ஆகவே நாங்கள் மணி கட்டினோம். முதல் மணியைப் பையனுக்குக் கட்டவில்லை, கதவுக்குக் கட்டினோம்! பூஜை அறையில் இருந்த பித்தளை மணியைக் கொல்லைக் கதவில் தொங்கவிட்டோம். வாசற் கதவுக்கு இன்னொன்று. கதவு அசைந்தால் வீடு முழுவதும் கேட்கும். தாழ்ப்பாளை அவன் கைக்கு எட்டாத உயரத்துக்கு மாற்றினோம். ஆனால் வெளியே பூட்டுப் போடுவதில்லை. தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் என்ன ஆவது? எங்கள் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பினோம். பின்தோட்டத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு அவர் கிணற்று வழிக்கு ஒரு படல் வைத்தோம். தாத்தா தம்பியின் முதுகில் காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டித் தொட்டித் தண்ணீரில் நீச்சல் பழக்க ஆரம்பித்தார். எங்கள் பக்கத்தில் எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான் நீந்தக் கற்றவர்கள். நீச்சல் தெரிந்துவிட்டால் கிணற்றைப் பற்றிக் கவலையில்லை என்று அர்த்தமல்ல. ஆள் வந்து தூக்கும்வரை இரண்டு நிமிஷம் கிடைக்கும் என்றுதான் அர்த்தம்.

பட்டணத்தில் இருக்கும் நீங்கள், "எங்களுக்குத்தான் கிணறே இல்லையே" என்று நினைக்காதீர்கள். மூடி சரியில்லாத தண்ணீர்த் தொட்டி, மொட்டை மாடி, லிஃப்ட், மின்சார ரயில், தெருவில் பறக்கும் வண்டிகள் - உங்கள் கிணறுகள் இவை. உங்கள் வீட்டிலிருந்து அவை எத்தனை அடி என்று ஒரு தடவை நடந்து பாருங்கள்.

இத்தனையும் செய்த பிறகு கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. என் மருமகள் தவிர வேறு யாராலும் செய்ய முடியாதது. ஊருக்குச் சொல்லவேண்டும்.

களை வெட்ட வந்த பெண்பிள்ளைக்கு நல்ல மனசு இருந்தது, புத்தியும் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று: இவன் யார், ஏன் பேசமாட்டான், எந்த வீடு என்ற விவரம். அந்த விவரத்தை நாங்களே அல்லவா கதவுக்குள் பூட்டி வைத்திருந்தோம்? மருமகள் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் தம்பியின் படத்தை எடுத்துக்கொண்டு, அவன் கையையும் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். டீக்கடை, மளிகைக் கடை, பஸ் நிலையத்தில் பூ விற்கிற அம்மாள், ஆட்டோக்காரர்கள், சுற்றியிருக்கும் தோட்டத்துக்காரர்கள், போலீஸ் நிலையம் என்று ஒவ்வொரு இடமாகப் போனாள். "இவன் என் புள்ளைங்க. பேச வராது. கூப்பிட்டாத் திரும்ப மாட்டான். தனியாப் பார்த்தீங்கன்னா இந்த நம்பருக்கு ஒரு போன் பண்ணுங்க" என்று சொன்னாள். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. உள்ளே போய்ச் சிறிது நேரம் படுத்துக்கொண்டாள். எழுந்து வந்து, "யாரும் தப்பா ஒண்ணும் சொல்லலே அத்தே. நாலு பேர் வீட்டுலயும் இப்படி ஒரு புள்ளை இருக்காம்" என்றாள்.

தங்கையின் கல்யாணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒரு வரன் தட்டிப் போயிற்று. இன்னொரு வரன் அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று தம்பி அவர்கள் வண்டியின் நிறத்தில் ஒரு வர்ணக் குச்சியை மாப்பிள்ளையிடம் நீட்டினான். அவரும் வாங்கிக்கொண்டார்.

விலை உயர்ந்த கருவி வாங்க வசதியில்லாத வீடுகளும் உண்டு. அவர்களுக்குச் சொல்லுகிறேன்: சட்டைக் காலரின் உள்பக்கத்தில் டெலிபோன் நம்பரை எழுதித் தைத்துவிடுங்கள். அழியாத மையும் ஊசி நூலும் போதும். சபரிமலையில் கூட்டத்துக்கு வரும் சிறு குழந்தைகளின் கையில் போலீஸார் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம், அதே யுக்திதான். 2024-ல் பம்பாயில் நடந்த ஒரு சம்பவம் பத்திரிகைகளில் வந்தது. மனவளர்ச்சி குன்றிய 12 வயதுப் பையன் ஒருவன் வொர்லியிலிருந்து பஸ் ஏறி, எங்கேயோ இருக்கும் கொலாபாப் பக்கம் போய்விட்டான். கழுத்தில் ஒரு பதக்கம். அதில் கட்டம் கட்டமாக அச்சிட்ட கியூ.ஆர். குறி - நாம் கடையில் பணம் கொடுக்கப் போனைக் காட்டுகிறோமே, அதே குறி. போலீஸார் போனைக் காட்டினார்கள். வீட்டு நம்பர் வந்தது. சில மணி நேரத்தில் பையன் தாய் தந்தையரிடம் சேர்ந்துவிட்டான். அந்தப் பதக்கத்துக்குப் பாட்டரியும் கிடையாது, சிம் கார்டும் கிடையாது. ஆனால் பையனை நிறுத்தி, கழுத்தைக் கவனித்துப் பார்க்க ஒரு மனுஷர் தேவைப்பட்டார்.

அமெரிக்காவில் 2013-ம் வருஷம் அக்டோபர் மாதம், நியூயார்க் நகரத்தில் பேச வராத 14 வயதுப் பையன் ஒருவன் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே போய்விட்டான். ஊரே தேடிற்று. மூன்று மாதம் கழித்து ஆற்றங்கரையில் அவனுடைய உடலின் மிச்சம்தான் கிடைத்தது. அவனுடைய பெயரையும், அதற்கு முன்பே ஆற்றில் மூழ்கி இறந்த இன்னொரு சிறுவனின் பெயரையும் சேர்த்து 2018-ல் அங்கே ஒரு சட்டமே செய்தார்கள்: கெவின் - அவாண்டே சட்டம். இப்படிப்பட்டவர்களுக்கு இடங்காட்டும் கருவிகள் கொடுக்கவும், போலீஸாருக்கும் மற்றவர்களுக்கும் பயிற்சி தரவும் அரசாங்கம் பணம் ஒதுக்குகிறது. கட்டாயமாக யாருக்கும் மாட்டக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது.

நம் நாட்டில் 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அடையாள அட்டை வாங்கிக்கொள்ளுங்கள்; வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். குழந்தை காணாமற் போனால், "ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். காணாமற் போன குழந்தையைப் பற்றிய புகாரை உடனே வழக்காகப் பதிவு செய்யவேண்டும் என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட்டே உத்தரவு போட்டிருக்கிறது. 112, 1098 இரண்டு நம்பரையும் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டி வையுங்கள். தேடும்போது முதலில் தண்ணீர் இருக்கும் இடங்களைப் பாருங்கள். பிறகு மற்ற இடங்கள்.

சரி, மருமகளின் கேள்விக்கு என்ன பதில்?

மாட்டுக்கு மணி கட்டுகிறவன் மாட்டிடம் சம்மதம் கேட்பதில்லை. நாங்கள் தம்பியிடம் கேட்டோம். கருவியை அவன் கையில் கொடுத்து, செல்போனில் புள்ளி நகர்வதைக் காட்டினோம். படம் வரைந்து காட்டினோம்: இது நீ, இது அம்மா, இது உன் சட்டைப் பை. எவ்வளவு புரிந்தது என்று அளந்து சொல்ல முடியாது. ஆனால் இப்போது காலையில் சட்டை போட்டதும் கருவியைத் தானே எடுத்து வந்து முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அந்தரங்கம் மனிதனின் அடிப்படை உரிமை என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னதே, அது பேசத் தெரிந்தவர்களுக்கு மட்டுமா சொன்னது? அவன் வளர்ந்து, தனியாகப் போய் வரப் பழகி, "வேண்டாம்" என்று ஒரு நாள் கருவியைத் தள்ளினால், அதைக் கழற்றி வைப்பதாக அவன் அம்மாவும் நானும் பேசி வைத்திருக்கிறோம். அதுவரையில் அந்தப் புள்ளியை வீட்டில் நாங்கள் மூன்று பேரும் சேலத்தில் என் மகனும் தவிர வேறு யாரும் பார்க்கக்கூடாது என்பதும் ஏற்பாடு.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. முன்பெல்லாம் தம்பி கதவுக்குள்ளேயே இருந்தான். அவன் அம்மாவும் அவனோடு உள்ளே இருந்தாள். உறவில் கல்யாணமா, கோயில் பண்டிகையா, ஒன்றுக்கும் வரமாட்டாள். இப்போது சாயங்காலத்தில் இருவரும் கடைவீதிக்குப் போகிறார்கள்.

இந்த வருஷம் சித்திரையில் இன்னொரு தடவை தம்பி கிளம்பிவிட்டான். கதவு மணி ஒலித்தது; ஆனால் அடுத்த தெருக் கோயிலில் மேளச் சத்தம், எங்கள் காதில் விழவில்லை. சில நிமிஷம் கழித்துப் போன் கூவிற்று. புள்ளி பஸ் நிலையத்தில் இருந்தது. மூச்சு வாங்க நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, டீக்கடைக்காரர் தம்பியை முன்பெஞ்சியில், பஸ்ஸெல்லாம் நன்றாகத் தெரியும்படி உட்கார வைத்துப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "தம்மம்பட்டி வண்டியில ஏறப் பார்த்தானுங்க. இப்பத்தான் உங்களுக்குப் போன் போடறதுக்கு எடுத்தேன்" என்றார். இடத்தைக் கருவி சொல்லிற்று. வண்டியில் ஏறாமல் நிறுத்தியது டீக்கடைக்காரர்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் இப்படி ஒரு குழந்தை இல்லாமலிருக்கலாம். ஆனால் உங்கள் தெருவில், ரயில் நிலையத்தில், என்றாவது ஒரு நாள் இப்படி ஒரு குழந்தை உங்கள் எதிரில் நடந்து வரலாம். தனியாக வருவான்; அழமாட்டான்; கேட்டால் பதில் சொல்லமாட்டான். திமிர் பிடித்த பையன் என்று நினைத்து விடாதீர்கள். அதட்ட வேண்டாம், கையைப் பிடித்து இழுக்க வேண்டாம், நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்கவும் வேண்டாம். அவனுக்கும் தண்ணீருக்கும், அல்லது அவனுக்கும் சாலைக்கும் நடுவில் போய் நில்லுங்கள். கழுத்திலோ கையிலோ காலருக்குள்ளோ ஒரு நம்பர் இருக்கிறதா என்று மெதுவாகப் பாருங்கள். இருந்தால் அந்த நம்பருக்கு, இல்லாவிட்டால் 112-க்கு ஒரு போன் போடுங்கள். ஆள் வரும்வரை அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள். அடுப்பில் வைத்தது தீய்ந்தால் தீயட்டும்.

அவன் உங்களைத் திரும்பிப் பார்க்காமலே வீட்டுக்குப் போய்விடுவான். அவனுடைய அம்மா பார்ப்பாள்.